கோவைக் குற்றாலம்: குழந்தைகளோடு அருவி வரை நடந்து போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. சாடிவயல் வழியாகக் கோவைக் குற்றாலத்துக்கு இருவரையும் பலமுறை நடத்திக் கூட்டிப் போயிருக்கிறோம். பள்ளி வாசலிலும் அபார்ட்மென்ட் மாடியிலும் மற்ற அம்மாக்கள் என்னிடம் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அருவியில் குளிப்பதை விட, அதுவரை நடக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான் குழந்தைகளுக்கு நாம் கொடுக்கிற பெரிய விருந்து என்பது என் எண்ணம். அதனால் நடையைப் பற்றித்தான் நிறையப் பேசியிருக்கிறேன்.

கோவைக் குற்றாலம் எங்கே இருக்கிறது? சிறுவாணி அணையும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இந்தக் குழப்பம் உள்ளூர்க்காரர்களுக்கே உண்டு. சிறுவாணி அணை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர்தான் கோவையின் பல பகுதிகளில் குழாய்களில் ஓடுகிறது. கோவைக் குற்றாலம் மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள், போளுவாம்பட்டி வனச்சரகத்தில் இருக்கிறது. சிறுவாணி அருவி என்றும் சொல்வார்கள்.

கோவையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், காருண்யா நகர், சாடிவயல் என்று நேராகப் போகும் சிறுவாணி சாலைதான் வழி. ஆலாந்துறை தாண்டியதும் பாக்குத் தோப்பும் வாழைத் தோட்டமுமாக வரும். கார் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். காற்றின் குளிர்ச்சி மாறுவது குழந்தைகளுக்கே தெரியும்.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

சாடிவயல் சோதனைச் சாவடியில் நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து வனத்துறை வண்டியில் காட்டுக்குள் கொஞ்ச தூரம். இறங்கியபின் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடை. பெரும்பாலும் அகலமான பாதை, இலேசான ஏற்றம். அருவியை நெருங்கும்போது மட்டும் கல்லும் படியுமாக இருக்கும்.

பெரியவர் ஒருவர் தனியாக நடந்தால் இருபது நிமிடத்தில் போய்விடலாம். ஆறு வயதுப் பையனோடு நடந்தால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை வைத்தே நாளைத் திட்டமிடுங்கள். “சீக்கிரம் வா, சீக்கிரம் வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

எந்த வயதிலிருந்து கூட்டிப் போகலாம்?

தானாக ஒரு கிலோமீட்டர் நடக்கிற பிள்ளை என்றால் தாராளமாக. எங்கள் அனுபவத்தில் நான்கு வயதுக்கு மேல் சிரமமில்லை. அதற்குக் கீழே என்றால் யாராவது தூக்க வேண்டியிருக்கும். தள்ளுவண்டி இந்தப் பாதைக்கு ஆகாது. கைக்குழந்தையை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொண்டு நடக்கலாம், ஆனால் ஈரப் பாறைக்கு அருகே அப்படிப் போக வேண்டாம். நாம் வழுக்கினால் குழந்தையும் சேர்ந்து விழும். ஒருவர் கரையில் குழந்தையோடு உட்கார்ந்துகொள்ளட்டும், இன்னொருவர் நனையட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவலி. முடியுமா?

என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, அருவி கண்ணில் படும் இடம் வரை வந்தார். கடைசிப் படிகளில் இறங்கவில்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, “சாரல் இங்கயே வருதுங்கண்ணு, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். திரும்பிவரும் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் வைத்து, பாதி வலு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவதே சரி.

எந்த மாதம் நல்லது?

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அருவி நிரம்பும். படங்களில் பார்க்கிற வெள்ளை வெள்ளமான அருவி அப்போதுதான். ஆனால் மழை வலுத்தால் வனத்துறை மூடிவிடும், ஜூலையிலும் ஆகஸ்டிலும் இது அடிக்கடி நடக்கும். மார்ச் முதல் மே வரை தண்ணீர் நூலாக இளைத்துவிடும். காடு காய்ந்து தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு, யானைகள் தண்ணீர் தேடி இறங்கும் காலமும் அதுதான். அப்போதும் மூடுவார்கள்.

குழந்தைகளோடு என்றால் நான் செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரையைத்தான் சொல்வேன். தண்ணீர் இருக்கும், வேகம் அடங்கியிருக்கும், பாதை சேறாக இருக்காது. வடகிழக்கு மழை பெய்யும் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்? எந்தக் கிழமை?

திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை பத்து மணி வாக்கில் உள்ளே விடத் தொடங்குவார்கள், பிற்பகலில் அனுமதியை நிறுத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். இணையத்தில் முன்பதிவு செய்யும் ஏற்பாடும் வந்திருக்கிறது. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வார நாளில் பள்ளி விடுமுறை வந்தால் அதுதான் பொன்னான நாள். முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள். காலை வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழும் நேரத்தில், கூட்டத்துக்கு முன்னால் நடக்கலாம்.

யானை வருமா?

வரும். அது யானையின் வீடு, நாம்தான் அங்கே விருந்தாளி. இதைக் குழந்தைகளிடம் வண்டியில் ஏறும் முன்பே சொல்லிவிடுவேன்.

போளுவாம்பட்டி வனச்சரகம் யானைகள் ஆண்டு முழுவதும் நடமாடும் காடு. சாடிவயலில் கும்கி எனப்படும் பழக்கிய யானைகளை வைத்துப் பராமரித்ததே, மலையடிவாரத் தோட்டங்களுக்குள் இறங்கும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்பத்தான். நம்மைத் தனித்தனியாக விடாமல் வனத்துறை வண்டியில் கூட்டிப் போவதற்கும், மாலைக்குள் எல்லோரையும் வெளியேற்றுவதற்கும் இதுதான் காரணம். சிலர் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, “நாங்க அரை மணி நேரத்துல வந்துடுவோம், விடுங்க சார்” என்று வனக்காவலரிடம் வாக்குவாதம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

ஒருமுறை நாங்கள் பாதி வழியில் இருந்தபோது முன்னால் போன காவலர் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றோம். வலது பக்க மூங்கில் புதரில் ஏதோ முறியும் சத்தம், அவ்வளவுதான். யானை கண்ணுக்குத் தெரியவே இல்லை. சின்னவன் என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “பேசாதீங்க அம்மணி, அது பாட்டுக்குப் போயிரும்” என்று காவலர் மெதுவாகச் சொன்னார். இருபது நிமிடம் நின்றிருப்போம். பிறகு நடந்தோம். அந்த வருடம் முழுவதும் அவன் அருவியைப் பற்றிப் பேசியதை விட அந்த இருபது நிமிடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினான்.

யானைக்குக் கண்பார்வை மட்டு, மோப்பமும் செவியும் கூர்மை. அதனால் அதிக வாசனையுள்ள சென்ட், செல்போனில் பாட்டு, கத்திக் கூப்பிடுவது எதுவும் வேண்டாம். தூரத்தில் யானை தெரிந்தால் படமெடுக்க முன்னால் போகாமல், காவலர் சொல்கிற பக்கம் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். குட்டியோடு இருக்கும் கூட்டம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குழந்தைகளை எப்போதும் பெரியவர்களுக்கு நடுவில் நடக்கவிடுங்கள். முன்னால் ஓடவும் விடாதீர்கள், பின்னால் தங்கவும் விடாதீர்கள்.

அட்டை கடிக்குமா?

மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் கடிக்கும். இதற்குப் பயந்து வராமல் இருக்க வேண்டாம், அட்டைக் கடியில் வலி இருக்காது. கடிக்கும்போது இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை நம் உடம்பில் செலுத்துகிறது. அதனால்தான் அது விழுந்த பிறகும் இரத்தம் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். வெள்ளைச் சாக்ஸில் சிவப்பைப் பார்த்ததும் குழந்தை அலறும். நாம் அலறாமல் இருந்தால் அதுவும் அடங்கிவிடும்.

ஒட்டியிருக்கும் அட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். தோலை இலேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, அட்டையின் மெல்லிய முனைக்கு அடியில் நகத்தை விட்டுத் தள்ளினால் பிடி விடும். பிறகு மறுமுனையையும் அப்படியே. கடித்த இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஒன்றிரண்டு நாள் அரிக்கும், சொறியவிடாதீர்கள். அட்டை மேலே உப்புக் கொட்டும் வழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் குடித்ததை அது காயத்திலேயே கக்க வாய்ப்புண்டு, எனவே வேண்டாம். உப்பையோ மூக்குப்பொடியையோ போடுவதானால் நடக்கத் தொடங்கும் முன் சாக்ஸின் வெளிப்புறம் தேய்த்துக்கொள்ளுங்கள். கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள்.

அருவியில் குழந்தைகள் குளிக்கலாமா?

வனத்துறை அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் இடத்தில், கைப்பிடிக்குள், நம் கைக்கு எட்டும் தூரத்தில் குளிக்கலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் தென்காசி மாவட்டத்துப் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அன்று குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடிய காட்சியைச் செல்போனில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அருவி தரும் ஆபத்து அருவிக்கு மேலே இருந்து வருகிறது. நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலை உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்திருக்கும். அந்தத் தண்ணீர் நம்மிடம் வந்து சேர அதிக நேரம் ஆகாது.

வருமுன் சில அடையாளம் காட்டும். தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கி டீ நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும். சத்தம் கனக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் எடுக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். காவலர் விசில் ஊதினால் காரணம் கேட்க நிற்க வேண்டாம். சில சமயம் இந்த அடையாளம் எதுவும் இல்லாமலும் வெள்ளம் வரும். அதனால்தான் மேலே மேகம் கருத்திருந்தால் நாங்கள் தண்ணீரில் இறங்குவதே இல்லை.

அருவி நேராக விழும் இடத்தில் குழந்தையின் தலையைக் காட்டாதீர்கள். தண்ணீரோடு கல்லும் கிளையும் வரும். பக்கவாட்டில் சாரல் விழும் இடமே போதும். பச்சையாகத் தெரியும் பாறை எல்லாம் பாசி, அதில் கால் வைக்க வேண்டாம்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய்?

கூடாது. வனத்துறை தடை செய்திருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தால் தடை இல்லாமலே செய்ய மாட்டோம். கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

முழுக்கை, முழுக்கால் மூடிய பருத்தி உடை. பளிச்சென்ற நிறங்களை விட மங்கிய பச்சை, காப்பி நிறம் நல்லது. காலுக்கு ரப்பர் அடியுள்ள, பின்னால் வார் வைத்த செருப்போ பழைய ஷூவோ. வழுக்கும் ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். மாற்று உடை, இரண்டு துண்டு, ஈரத் துணி போட ஒரு துணிப்பை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். குழந்தைக்குத் தேவையான மருந்து. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். காட்டுக்குள் செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

சாப்பாடு?

காட்டுக்குள் வேண்டாம். நாட்டுக் குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும் அளவுக்குத் தேறிவிட்டன. கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கும் குழந்தைதான் அவற்றுக்கு எளிய இலக்கு. குரங்கு கீறினாலோ கடித்தாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். “சின்னக் கீறல்தானே” என்று விட்டுவிடாதீர்கள். குரங்குக்கு நாமாக எதையும் கொடுக்கவும் கூடாது. கொடுத்துக் கொடுத்துத்தான் அவை இப்படி ஆகியிருக்கின்றன.

நாங்கள் காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம் கட்டி, தொட்டுக்க அப்பளமும் ஊறுகாயும் வைத்து, காரிலேயே விட்டுவிடுவோம். திரும்பி வந்து சாவடியைத் தாண்டி ஊர்ப் பக்கம் வந்தபின் சாப்பாடு. நனைந்து நடந்த பசியில் ஆறிய சாதம் எப்படி ருசிக்கும் என்று பிள்ளைகள் அன்றுதான் கற்றுக்கொள்வார்கள்.

வழியில் குழந்தைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

முதலில் யானை லத்தி, அதாவது யானைச் சாணம். முகத்தைச் சுளிக்காதீர்கள், இதை விட நல்ல பாடம் கிடையாது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் தின்னும் யானை அதில் பாதியைக்கூடச் சரியாகச் செரிப்பதில்லை. குச்சியால் கிளறிப் பார்த்தால் புல் நார், மூங்கில் துணுக்கு, சில சமயம் முளைவிட்ட விதைகூடத் தெரியும். காட்டுக்கு விதைக்கிறவர் யார் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். ஈரமாக, ஆவி பறந்தால் யானை இப்போதுதான் போயிருக்கிறது. அப்போது கிளறிக்கொண்டு நிற்க வேண்டாம், காவலரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சிகள். பூவை விட்டுச் சேற்றில் என்ன வேலை என்று மூத்தவள் கேட்டாள். மண்ணில் இருக்கும் உப்புச் சத்தை உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண் பூச்சிகள்தான் இப்படிக் கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தமிழ் மறவன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியை 2019-இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். அதன் படத்தை முதல் நாளே காட்டிவிட்டால் வழியெல்லாம் அதைத் தேடிக்கொண்டே நடப்பார்கள். கால் வலிக்கிறது என்ற பேச்சே வராது.

தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கும் இடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். யாரோ ஒரு பையன் ராகம் தெரியாமல் விசிலடித்துக்கொண்டு போவது போல ஒரு குரல் வரும். அது சீகாரப்பூங்குயில், ஓடைக்கரையில் வாழும் கருநீலப் பறவை. தலைக்கு மேலே கிளை அதிர்ந்தால் மலையணிலாக இருக்கலாம். வீட்டு அணிலை மட்டும் பார்த்த குழந்தை அதன் வாலைப் பார்த்து வாயைப் பிளக்கும்.

போன அன்று மூடியிருந்தால் என்ன செய்வது?

எங்களுக்கே நடந்திருக்கிறது. இரவு பெய்த மழையில் வெள்ளம் ஏறி, சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் காரில் அழுதுகொண்டே வந்தார்கள். திரும்பும் வழியில், பேரூருக்கு மேற்கே இருக்கும் சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குக் கூட்டிப் போனோம். வெள்ளம் பாயும்போது இறங்கக் கூடாது, தள்ளி நின்று பார்க்கத்தான்.

கோவைக் குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் மலையிறங்கி, மற்ற ஓடைகளோடு கூடி, நொய்யல் ஆறாகிறது. அதன் முதல் பெரிய அணைக்கட்டு சித்திரைச்சாவடி. அங்கிருந்து வாய்க்கால் பிரிந்து கோவையின் குளங்களுக்குப் போகிறது. ஆறு பேரூர் தாண்டி, நகரத்தின் சாக்கடையை வாங்கி, திருப்பூரில் சாயத்தை வாங்கி, சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்கென்று இந்த ஆற்றின் குறுக்கே கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரை, சாயக்கழிவு கலந்ததால் விவசாயிகளால் வயலுக்குப் பாய்ச்ச முடியாமல் போனது. சுத்திகரிக்காமல் சாயக்கழிவை விட்ட ஆலைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்த ஆற்றுக்காகத்தான்.

இதையெல்லாம் முழுதாக நான் சொல்லவில்லை. “நாம போக முடியாத அருவியோட தண்ணிதான் இது, நமக்கு முன்னாடியே இங்க வந்துருச்சு” என்று மட்டும் சொன்னேன். மூத்தவள் செம்மண் நிறத்தில் பாய்ந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோவையில் சுங்கம் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு பாலம் தாண்டுவோமே, அதுவும் இதே தண்ணீர்தானா என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன்.